கறிக்கோழிக்கு இரவு வேண்டுமா?

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இரவு பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளநீளமான கொட்டகைகள். ஊரே அடங்கிய பிறகும் பலவற்றில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஆயிரக்கணக்கில் பிராய்லர் கோழிகள். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த நாளிலிருந்து, ஐந்தாறு வாரம் கழித்து லாரியில் ஏறும் நாள்வரை, அவற்றில் பல முழுதாக ஓர் இரவைக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வெளிச்சம் இருந்தால் கோழி தின்னும், தின்றால் எடை ஏறும், எடை ஏறினால் காசு. கேட்பதற்கு இது மறுக்க முடியாததாகத் தோன்றும். உலகெங்கும் பல பத்தாண்டுகள் கறிக்கோழித் தொழில் இந்தக் கணக்கின் மேல்தான் நடந்தது. 23 மணி நேரம் வெளிச்சம், 1 மணி நேரம் இருட்டு என்பதுதான் வாய்பாடு. அந்த ஒரு மணி நேரமும் கோழி தூங்கட்டும் என்று கொடுத்ததில்லை. வெளிச்சத்திலேயே வளர்ந்த கோழிகள், திடீரென்று கரண்ட் போனால் மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். இருட்டு என்று ஒன்று உண்டு என்பதை அவற்றுக்குப் பழக்கி வைக்கத்தான் அந்த ஒரு மணி.

கணக்கின் முதல் கண்ணி ஓரளவு சரி. பிராய்லர் இருட்டில் பெரும்பாலும் தீவனத் தட்டுப் பக்கம் போவதில்லை. ஆனால் ‘வெளிச்சம் கூடக்கூட எடை கூடும்’ என்ற இரண்டாம் கண்ணி சோதனையில் நிற்கவில்லை.

கனடாவின் சஸ்கட்டூன் நகரில் உள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் கேரன் ஷ்வீன்-லார்ட்னர், ஹேங்க் கிளாசன் ஆகியோர் நடத்திய தொடர் சோதனைகள் 2012, 2013 ஆண்டுகளில் கட்டுரைகளாக வந்தன. இந்தப் பொருளில் இதுவரை நான் படித்தவற்றில் மிகச் சுத்தமாகத் திட்டமிடப்பட்ட வேலை அது. ராஸ் 308, ராஸ் 708 என்ற இரண்டு ரகக் கோழிகளை எடுத்துக்கொண்டார்கள். வெளிச்ச நேரத்தை 14, 17, 20, 23 மணி என்று நான்காகப் பிரித்து வளர்த்தார்கள். இரண்டே இரண்டு அட்டவணையை ஒப்பிட்டிருந்தால் ‘இது நல்லது, அது கெட்டது’ என்பதோடு முடிந்திருக்கும். நான்கு படிகள் வைத்ததால், இருட்டு கூடக்கூட ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முடிந்தது.

ஐந்தாறு வார வயதில் அதிக எடை இருந்தது 20 மணி வெளிச்சத்தில் வளர்ந்தவற்றுக்கு. 23 மணி வெளிச்சத்தில் வளர்ந்தவை அவற்றைவிட எடை குறைவாக நின்றன. மூன்று மணி நேரம் கூடுதலாகத் தட்டின் முன்னால் நிறுத்தியும் பலனில்லை. இருட்டு கூடக்கூட, தின்ற தீவனம் சதையாக மாறும் விகிதம், நம் பண்ணைக்காரர்கள் எஃப்.சி.ஆர். என்று சொல்வது, சீராக மேம்பட்டது. சாவு குறைந்தது. நடை மேம்பட்டது. 14 மணி வெளிச்சத்தில் மட்டும் இளம் வயது எடை தெளிவாகக் குறைந்தது. ஆக, எடை ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது; உடல்நலம் ஒரே திசையில் போகிறது. இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் விஷயமே.

எடை ஏன் மேட்டில் இறங்குகிறது? கோழிக்கு இரவு எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் அது அதற்கேற்ப நடந்துகொள்கிறது. விளக்கு அணையும் நேரம் நெருங்கும்போது தட்டுக்கு வந்து தீனிப்பையை நிரப்பிக்கொள்கிறது. இருட்டில் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கிறது. வீட்டுக் கோழி அந்தி சாயும் நேரத்தில் அவசர அவசரமாகக் கொத்திவிட்டுக் கூட்டில் அடைவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. நாற்பது நாளில் இரண்டு கிலோ தாண்டும்படி இனவிருத்தி செய்த பிராய்லரிலும் அந்தப் பழக்கம் அழியாமல் இருக்கிறது. 23 மணி வெளிச்சத்தில் அந்தியும் இல்லை, அடைவதும் இல்லை. ஒன்று படுத்திருக்கும்போது இன்னொன்று அதை மிதித்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. சஸ்கட்டூன் குழு கோழிகளின் நடத்தையையும் பதிவு செய்தது. 23 மணி வெளிச்சத்தில் வளர்ந்தவை நடப்பது, இறகு கோதுவது, சோம்பல் முறிப்பது எல்லாம் குறைந்து கிடந்தன. விழித்திருக்கும் நேரம் அதிகம், விழித்திருந்து செய்வது குறைவு.

உடலுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு வெளிச்சம் கண் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. பறவைக்கு அப்படியில்லை. அதன் மூளையின் மேற்பகுதியில் உள்ள பினியல் சுரப்பி, மண்டையோட்டைக் கடந்து வரும் வெளிச்சத்தைத் தானே உணரும். இருட்டில் அது மெலடோனின் சுரக்கும், வெளிச்சம் பட்டால் நிறுத்தும். உடலின் நாள் தாளத்தை நடத்துவது இந்த ஏற்ற இறக்கம். 23 மணி வெளிச்சத்தில் வளர்ந்த கோழிகளில் இந்தத் தாளமே இல்லாமல் போனதை சஸ்கட்டூனில் அளந்து காட்டினார்கள். கண்ணும் சாட்சி சொல்கிறது. இடைவிடாத வெளிச்சத்தில் வளரும் குஞ்சின் கண்விழி பெரிதாகி, முன்பக்கம் தட்டையாகிவிடும். 23 மணி வெளிச்சத்துக் கோழிகளின் கண்ணை எடைபோட்டால் கனம் கூடியிருக்கிறது. கண் வீங்கி வளரும் அளவுக்கு ஒரு பிராணியை வெளிச்சத்தில் வைப்பதைப் பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நோய் எதிர்ப்பு பற்றிய வாதத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. இடைவிடாத வெளிச்சம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது, மெலடோனின் கொடுத்தால் அது மீள்கிறது என்று 2000-இல் மூரும் சியோப்ஸும் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது ஜப்பானியக் காடையில். காடை கோழிக்கு உறவுதான். ஆனாலும் காடையில் கண்டதை அப்படியே பிராய்லர் கொட்டகைக்குக் கொண்டுவந்து, ‘இருட்டு கொடுத்தால் மருந்துச் செலவு குறையும்’ என்று விவசாயியிடம் உறுதி சொல்லக் கூடாது. அந்த வாதம் இல்லாமலே வழக்கு நிற்கும்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. இருட்டு கொடுத்தால் கோழி முதல் வாரங்களில் கொஞ்சம் மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளரும் கோழிக்குக் கால் எலும்பு உறுதிப்பட நேரம் கிடைக்கிறது, இதயத்துக்குச் சுமை குறைகிறது. அப்படியானால் நன்மை இருட்டால் வந்ததா, வேகம் குறைந்ததால் வந்ததா? வேகம் மட்டுமே காரணம் என்றால் இருட்டு எதற்கு, தீவனத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதுமே!

கேள்வி நியாயமானது. இதே கிளாசன், ரிடெல் என்பவரோடு சேர்ந்து 1989-இல் செய்த சோதனையே இந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. முதல் நாட்களுக்குப் பிறகு வெளிச்சத்தை 6 மணியாகக் குறைத்து, வயது ஏற ஏற 23 மணிவரை கூட்டிக்கொண்டு போனார்கள். கால் கோளாறுகள் குறைந்தன. ஆனால் அந்த அட்டவணை இளம் வயது வளர்ச்சியையும் பிடித்து நிறுத்துகிறது. இரண்டில் எது மருந்து என்று அதைக் கொண்டு பிரிக்க முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நோல்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பாதிதான் உதவும். 176 தொகுதிகளில் 51,000 கோழிகளின் நடையைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். சராசரி 40 நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகளுக்கு நடை மோசம். 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாதவை. இருட்டு நேரம் குறைவான பண்ணைகளில் நடை மோசமாக இருந்தது. ஆனால் இது நடந்துகொண்டிருக்கும் பண்ணைகளில் பார்த்து எழுதியது. ரகம், வயது, நெருக்கம், தீவனம் எல்லாம் கூடவே கலந்திருக்கும். கணக்கில் பிரித்தெடுக்க முயன்றிருக்கிறார்கள். என்றாலும் கட்டுப்பாட்டுச் சோதனையின் பலம் அதற்கு வராது.

மேலே சொன்ன இரண்டு கோடுகளைச் சேர்த்துப் படித்தால் விடைக்கு அருகில் வரலாம். 23-இலிருந்து 20 மணிக்கு இறங்கும்போது எடை குறையவில்லை, கூடியது. ஆனால் சாவும் நடைக் கோளாறும் இறங்கும் போக்கு அந்தப் பகுதியிலும் அதே திசையில்தான் இருந்தது. எடை கூடிக்கொண்டே நலமும் கூடுகிறது என்றால், ‘மெதுவாக வளர்ந்ததால் பிழைத்தது’ என்ற விளக்கம் அந்த இடத்தில் போதவில்லை. 17-க்கும் 14-க்கும் இறங்கும்போது அந்த விளக்கத்துக்கும் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆக முதல் நான்கு மணி இருட்டின் நன்மையில் பெரும்பகுதி தூக்கத்தால் வருவது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மணியிலும் வேகக் குறைப்பும் கலக்கிறது. இது என் வாசிப்பு. வரைபடத்தில் உள்ளது ஒரு போக்கு. 20-க்கும் 23-க்கும் இடையில் மட்டும் தனியாக ஒரு கோட்டைப் போட்டு நிரூபித்ததாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீண்ட வெளிச்சத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே உண்மையான ஆதாயம் நெஞ்சுக்கறி. வெளிச்சம் கூடினால் உடலில் நெஞ்சுக்கறியின் பங்கு கொஞ்சம் கூடுகிறது. கோழியைத் துண்டு துண்டாக்கி நெஞ்சுக்கறியைத் தனி விலைக்கு விற்கும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இது கம்பெனிக்குப் பணம். நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலான பிராய்லர் உயிரோடு எடைபோட்டு விற்கப்படுகிறது. பல்லடத்தில் தினமும் அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை உயிர் எடைக்கு. ஒப்பந்தப் பண்ணை விவசாயிக்குக் கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. கொட்டகையும் உழைப்பும் கரண்ட் பில்லும் அவருடையவை. அவருக்குக் கிடைக்கும் வளர்ப்புக் கூலியை ஏற்றுவதும் இறக்குவதும் எஃப்.சி.ஆரும் சாவு எண்ணிக்கையும். இருட்டு சீராக்கித் தரும் இரண்டும் அவையே. நெஞ்சுக்கறி வாதம் அவருக்குப் பத்துப் பைசா தராது. இரவெல்லாம் விளக்கெரிக்கும் கரண்டுக்கு மட்டும் அவர் பணம் கட்டுகிறார். இந்தத் தொழிலில் கூலி வாங்குபவரும் கோழியும் ஒரே பக்கம் நிற்கும் இடங்கள் அதிகம் இல்லை. இது அப்படிப்பட்ட ஓர் இடம். சூப்பர்வைசர்கள் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், எடுத்துக்காட்டாக நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007/43 ஆணை. உறுப்பு நாடுகள் 2010 ஜூன் 30-க்குள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. குஞ்சு வந்த ஏழு நாட்களுக்குள் தொடங்கி, வெட்டுக்கு மூன்று நாள் முன்புவரை, 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி இருட்டு வேண்டும். அதில் குறைந்தது 4 மணி இடைவிடாமல் இருக்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் கோழியின் கண் மட்டத்தில் குறைந்தது 20 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும்.

இடைவிடாத 4 மணி என்ற வரி அதன் உயிர்நாடி. 6 மணி இருட்டை அரை மணி அரை மணியாக நறுக்கிக் கொடுத்தால் கூட்டல் கணக்கு சரியாக வரும், இரவு வராது. 20 லக்ஸ் என்ற வரியும் நல்ல வரி. மங்கலில் வைத்தால் கோழி அமைதியாக இருக்கும் என்று பல நாடுகளில் கொட்டகையை அந்திபோல வைத்திருந்தார்கள். சஸ்காச்சுவானில் 1, 10, 20, 40 லக்ஸ் என்று சோதித்தபோது வளர்ச்சியில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் 1 லக்ஸில் கண் கனத்தது, பாதத்தில் புண் கூடியது. பகல் பகலாக இருந்தால்தான் இரவு இரவாகும். திறந்த கொட்டகை வைத்திருக்கும் நம் விவசாயிக்கு இந்தப் பாதி இலவசமாகக் கிடைக்கிறது. வெயில் தரும் வெளிச்சம் 20 லக்ஸைப் பல மடங்கு தாண்டும். பல்லடத்தில் பகல் ஆண்டு முழுக்கப் பதினொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணிக்குள். ஆக அவர் சேர்க்க வேண்டியது ஆறு மணி விளக்கு, கொடுக்க வேண்டியது ஆறு மணி இருட்டு. முழு நிலவின் வெளிச்சம் அரை லக்ஸைக்கூடத் தொடாது, அதனால் பௌர்ணமி தடையில்லை. பக்கத்துக் களத்தில் எரியும் பல்பைத்தான் திருப்பி வைக்க வேண்டும்.

அந்த ஆணையில் நான் ஏற்காத பகுதி கடைசி மூன்று நாள் விலக்கு. கோழி மிகக் கனமாக இருக்கும் நாட்கள் அவை. வளர்ந்த கோழி தின்றுகொண்டிருக்கும்போதே சிறகடித்து மல்லாந்து விழுந்து சாவதை, நம் பண்ணைகளில் ஹார்ட் அட்டாக் என்பார்கள். அந்த ஆபத்து தலைக்கு மேல் நிற்கும் நேரத்தில், இரவை எடுத்துக்கொண்டு கடைசிக் கைப்பிடி எடையை ஏற்றிக்கொள் என்று சட்டமே வழி விடுகிறது. கோழி பிடிப்பதற்காக விளக்கு வேண்டும் என்றால் ஓர் இரவு போதும்.

இதுவரை சொன்னவை எல்லாம் மூடிய, வெப்பம் கட்டுப்படுத்திய கொட்டகையில் கிடைத்த சான்றுகள். ஏப்ரல், மே வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வளரும் கோழியைப் பற்றி அவை பேசவில்லை. இங்கேதான் வழக்கு கடினமாகிறது. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தின்பதே உடலில் சூடு உண்டாக்கும். ஆகவே அனுபவமுள்ள விவசாயி முற்பகலில் தட்டை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் இறக்குவார். பகலில் ஐந்தாறு மணி பட்டினி, இரவில் ஆறு மணி இருட்டு என்றால் தின்ன மிஞ்சுவது பன்னிரண்டு மணி. அதுவும் குளிர்ந்த வேளையை இருட்டு விழுங்கிவிடுகிறது. ‘ஐரோப்பாக்காரன் சட்டம் வெயிலுக்கு ஒத்துவருமா?’ என்று ஒருவர் கேட்டால் அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க முடியாது.

பகலில்தான் படுத்துக் கிடக்கிறதே, அதுவே ஓய்வு என்று சிலர் சொல்வார்கள். அது ஓய்வு ஆகாது. வெளிச்சத்தில் இளைத்துக்கொண்டு கிடக்கும் கோழிக்கு மெலடோனின் சுரக்காது. இரவைப் பகலில் ஈடுகட்ட வழியில்லை. மறுபுறம், இருட்டில் உறங்கும் கோழியின் உடல் உண்டாக்கும் சூடு குறைவு. பகல் முழுக்கச் சூடேறிய கூரையும் தரையும் ஆறிக்கொண்டிருக்கும் முன்னிரவில் கோழியைத் தின்னத் தூண்டுவதைவிட உறங்க விடுவது நல்லது. உண்மையிலேயே குளிர்ந்த நேரம் பின்னிரவு.

என் முடிவு இது. 23 மணி வெளிச்சத்துக்கு நியாயம் இல்லை. உயிர் எடைக்கு விற்கும் ஊரில் அது எடையும் தரவில்லை, நலமும் தரவில்லை. 10 மணி இருட்டு நாற்பது நாளில் விற்கும் கோழிக்குத் தேவைக்கு மேல். அதன் எடைக் குறைவை விவசாயியின் தலையில் சுமத்த நான் ஒப்ப மாட்டேன். முதல் வாரம் கழித்து, ஜூலையிலிருந்து பிப்ரவரிவரை தொடர்ந்து ஆறு மணி இருட்டு. கோடையில் அது நான்கு மணிக்குக் குறையட்டும், ஆனால் நான்கும் உடையாமல் இருக்கட்டும்: இரவு ஒன்பதுக்கு அணைத்து, ஒரு மணிக்கு ஏற்றி, விடியும்வரை குளிரில் தின்ன விடலாம். கோடை அட்டவணை நான் தர்க்கத்தால் அடைந்தது. சஸ்கட்டூன் அதற்குச் சாட்சி வராது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ வேறு எவருமோ திறந்த கொட்டகையில், சித்திரை மாதத்தில், நம் ஊர் ரகத்தை வைத்து இதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அதுவரை இது என் பரிந்துரை மட்டும்.

செய்யத் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாம் வாரத்தில் திடீரென்று விளக்கை அணைத்தால் பழகாத கோழி மிரளும். விளக்கு ஏறியதும் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுக்கு ஓடி, ஒன்றன் முதுகை ஒன்று நகத்தால் கீறும். அந்தக் கீறலில் சீழ் பிடிக்கும். இருட்டின் பேரில் எழும் புகார்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. முதல் வாரத்திலேயே ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்க வேண்டும். அணைக்கும் நேரமும் ஏற்றும் நேரமும் நாளுக்கு நாள் மாறக் கூடாது. அதற்கு ஒரு டைமர் போதும். அணைப்பதற்கு ஒரு மணி முன்பு எல்லாத் தட்டிலும் தீவனம் இருக்கிறதா என்று ஒருவர் கொட்டகையை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட வேண்டும். விடியலுக்கு முன் விளக்கு ஏறும்போதும் தட்டு காலியாக இருக்கக் கூடாது.